சாட்சியும் குற்றவாளியும்: லாஸ் காசாஸ் பாதிரியாரின் வாழ்வும் எழுத்தும்

பெரியோர் வரலாறு எழுதப் புகுவோரிடம் இரு வழக்கங்கள் உண்டு. எழுத எடுத்துக்கொண்டவரைத் தொட்டிற் பருவத்திலிருந்தே புனிதராகக் காட்டுவது ஒன்று. அவர் வாழ்விலே ஒரு கறையைத் தேடிப் பிடித்து, அக்கறையே அவரது முழு உருவம் எனச் சாதிப்பது மற்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையானவை போலத் தோன்றினும் உண்மையில் உடன்பிறந்தவையே. ஒரு மனிதன் தான் பிறந்த சமுதாயத்தோடு எவ்வாறு பிணைந்திருந்தான், எவ்வாறு அதனை எதிர்த்தான், எந்த இடத்தில் அவனது எதிர்ப்பு நின்றுபோயிற்று என்னும் கடினமான வினாக்களிலிருந்து இரண்டுமே வாசகனை விடுவித்துவிடுகின்றன.

ஸ்பானியப் பேரரசு அமெரிக்காவில் நடத்திய கொடுமைகளை எழுதிவைத்த பார்தொலொமே டி லாஸ் காசாஸ் பாதிரியார் இவ்விருவகை எழுத்தாளரிடமும் அகப்பட்டுப் பெரிதும் அல்லற்பட்டவர். கியூப விடுதலை வீரர் ஹோசே மார்த்தி, 1889இல் தாம் நடத்திய சிறுவர் சஞ்சிகையிலே அவரைக் கருணையின் வடிவமாக வரைந்தார். பாப்லோ நெரூடா 1950இல் வெளிவந்த தமது பெருங்காவியத்திலே விடுதலையாளர் வரிசையில் அவருக்கு இடமளித்தார். மறுபுறத்தில், ஸ்பானிய அறிஞர் மெனெந்தெஸ் பிதால் 1963இல் எழுதிய நூலொன்றில் அவரை மனநோயாளி என்றே தீர்த்துவிட்டார். ஆர்ஜன்டீன எழுத்தாளர் போர்ஹெஸ், சுதேசிகள்மேல் இரங்கி ஆபிரிக்கரைச் சுரங்கத்துக்கு அனுப்பச் சொன்ன விசித்திர மனிதாபிமானி என்று 1935இலேயே எள்ளி நகையாடினார். இவற்றுள் எதனை நாம் ஏற்பது? விடை அவர் எழுத்துக்குள்ளேயே கிடக்கின்றது என்பது எமது கருத்து.

முதலில் வாழ்வைச் சுருக்கமாகக் காண்போம். லாஸ் காசாஸ் 1484இல் செவில் நகரில் வணிகக் குடும்பமொன்றிலே பிறந்தார். தந்தை பெத்ரோ, கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் 1493இல் கப்பலேறியவர். அவர் திரும்பி வந்தபோது மகனுக்குக் கொடுத்தது ஒரு சுதேசி இளைஞனை. புதிய உலகத்தோடு லாஸ் காசாஸ் கொண்ட முதல் உறவு, அடிமையை உடைமையாகக் கொண்டவனின் உறவேயாகும். 1502இல் ஆளுநர் ஒவாந்தோவின் கப்பற்படையோடு அவரும் ஹிஸ்பானியோலாத் தீவை அடைந்தார். அன்று அவர் சென்றது ஆன்மாக்களை ஈடேற்றுவதற்கன்று. ஏனையோரைப்போலப் பொருள் ஈட்டுவதற்கே சென்றார்.

அங்கே நிலவிய பொருளாதார ஒழுங்கை விளங்காமல் அவரை விளங்கமுடியாது. 'என்கொமியெந்தா' என்பது அதன் பெயர். ஒரு ஸ்பானியனுக்கு இத்தனை சுதேசிகள் என்று அரசு பகிர்ந்து 'ஒப்படைக்கும்'. அவன் அவர்களுக்குக் கிறிஸ்தவ சமயத்தைக் கற்பிக்கவேண்டும். அவர்கள் அவனுக்கு உழைக்கவேண்டும். சட்டத்தின் பார்வையில் அவர்கள் அடிமைகள் அல்லர். நடைமுறையிலோ ஆற்று மணலில் பொன் அரித்தும் தோட்டங்களில் மண் கொத்தியும் மடிந்தனர். விலை கொடுத்து வாங்கிய அடிமை செத்தால் எசமானுக்கு நட்டம். இலவசமாய்ப் பெற்றவன் செத்தால் வேறொருவனைக் கேட்டுப் பெறலாம். சமய போதனை என்னும் புனிதப் பெயரின் கீழ் உழைப்புச் சுரண்டல் இவ்வளவு அப்பட்டமாக நடைபெற்ற காலங்கள் வரலாற்றிலே அரிது.

இந்த ஒழுங்குக்கு எதிரான முதற்குரல் லாஸ் காசாஸினுடையதன்று என்பதை அவரைப் புனிதராக்குவோர் விரைந்து கடந்துவிடுகின்றனர். 1511ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், சாந்தோ தொமிங்கோவில் ஓலைக்கூரை வேய்ந்த ஆலயமொன்றில், அந்தோனியோ டி மொந்தெசீனோஸ் என்னும் டொமினிக்கன் துறவி குடியேறிகளின் முகத்துக்கு நேரே அவர்களைக் கண்டித்தார். எந்த நீதியின் பெயரால் இம்மக்களை அடிமைப்படுத்தினீர்கள், இவர்கள் மனிதர்கள் அல்லரோ என்று வினவினார். ஆளுநரும் அதிகாரிகளும் அவையில் இருந்தனர். அச்சொற்களை அத்துறவி தனியாகவும் எழுதவில்லை. பெத்ரோ டி கோர்தொபாவின் தலைமையில் அங்கிருந்த துறவியர் கூடி ஆராய்ந்து, கையொப்பமிட்டு, பின்னரே அவரைப் பேச அனுப்பினர். மனச்சாட்சி என்பது தனிமனிதன் உள்ளத்தில் வானத்திலிருந்து இறங்கும் ஒளி என்று எண்ணுவோர் இச்செய்தியை ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

அவ்வேளையில் லாஸ் காசாஸ் ஏற்கெனவே குருப்பட்டம் பெற்றவர். அதே தீவில் சுதேசிகளையும் வைத்திருந்தவர். அதற்காக டொமினிக்கன் துறவியொருவர் அவருக்குப் பாவமன்னிப்பு வழங்க மறுத்தார். அவரோ வாதாடிப் பார்த்துவிட்டுத் தம் வழியே போனார். பின்னர் நார்வாயெஸின் படையோடு படைக்குருவாகக் கியூபாவுக்குச் சென்றார். 1513இல் கவோனாவோ என்னும் ஊரில் நிகழ்ந்த படுகொலையை நேரில் கண்டார். அன்று காலை, வற்றிய ஆற்றுப் படுகையொன்றிலே நல்ல சாணைக்கற்கள் கிடப்பதைக் கண்ட போர்வீரர் தம் வாள்களைத் தீட்டிக்கொண்டனர். அவர்களைக் காண ஊரார் கூடி அமர்ந்திருந்தபோது ஒருவன் திடீரென வாளை உருவினான், ஏனையோரும் உருவினர். அந்தக் கற்களை லாஸ் காசாஸ் பல ஆண்டுகளுக்குப் பின்னும் மறக்கவில்லை. கொடுமை ஏதோ பெரும் வெறியிலிருந்து பிறக்கவேண்டும் என்பதில்லை, கூரான வாளொன்று கையில் இருப்பதே போதும் என்பதை அக்காட்சி எந்தத் தத்துவ விளக்கமுமின்றி உணர்த்திவிடுகின்றது.

அதைக் கண்ட பின்னரும் அவர் என்ன செய்தார்? கியூபாவில் தமக்கு அளிக்கப்பட்ட நிலத்தையும் மக்களையும் பெற்றுக்கொண்டார். சுரங்கத்துக்கு ஆள் அனுப்பினார். தாம் அவர்களிடம் கடுமையாக நடக்கவில்லை என்றும், ஆயினும் மற்றவர்களைப் போலவே வருவாயில் ஈடுபட்டிருந்தவர் என்றும் பிற்காலத்தில் அவரே எழுதுகின்றார். 'நல்ல எசமான்' என்னும் பாத்திரத்தின் பொய்மையை வெளியிலிருந்து கண்டித்தோர் பலர். உள்ளேயிருந்து காட்டியவர் சிலரே.

1514இல் திருவிழாப் பிரசங்கமொன்றுக்கு ஆயத்தம் செய்கையில் சீராக்கின் ஞானநூலின் 34ஆம் அதிகாரம் அவர் கண்ணிற் பட்டது. அநீதியாய் ஈட்டிய பொருளிலிருந்து படைக்கும் காணிக்கையைப் பற்றியும், ஏழையின் அப்பத்தைப் பறிப்பவன் அவனது உயிரையே பறிக்கிறான் என்பது பற்றியும் அப்பகுதி பேசுகின்றது. கூலிக்காரனின் கூலியை வஞ்சிப்பதும் இரத்தம் சிந்துவதும் அங்கே ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. லாஸ் காசாஸின் வாழ்வைத் திருப்பிய வாசகம், மோட்சத்தைப் பற்றியோ நரகத்தைப் பற்றியோ எழுந்ததன்று. உழைப்பையும் உணவையும் பற்றியது. அந்த ஆண்டு ஓகஸ்ட் 15இல் தம் சுதேசிகளைத் துறப்பதாகப் பிரசங்க மேடையிலே அறிவித்தார். மொந்தெசீனோஸ் பேசி ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் சென்றிருந்தன.

இனி அந்தக் கறைக்கு வருவோம். 1515இல் ஸ்பெயின் திரும்பிய அவர் அரசவையில் முறையிட்டார். 1516இல் 'சுதேசிகளின் காவலர்' என்னும் பதவியையும் பெற்றார். அதே ஆண்டில் அவர் சமர்ப்பித்த சீர்திருத்தத் திட்டத்திலே, சுதேசிகளின் இடத்துக்கு அடிமைகளைக் கொண்டுவரலாம் என்னும் யோசனையும் இருந்தது; 1518இல் ஆபிரிக்க அடிமைகளைப் பற்றி மீண்டும் அவ்வாறே கூறினார். அவ்வாண்டில் மன்னர் சார்ள்ஸ் தம் அவையினர் ஒருவருக்கு 4,000 ஆபிரிக்கரைக் கொண்டுசெல்லும் உரிமத்தை வழங்கினார். அது 25,000 தங்க நாணயங்களுக்கு ஜெனோவா வணிகரிடம் கைமாறிற்று.

இவ்விடயத்தில் இரு பொய்களையும் நாம் மறுத்தல் வேண்டும். ஆபிரிக்க அடிமை வாணிபத்தைத் தொடக்கிவைத்தவர் அவரே என்பது முதற் பொய். அவர் வாய்திறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே ஆபிரிக்க அடிமைகள் ஹிஸ்பானியோலாவுக்குக் கொண்டுவரப்பட்டிருந்தனர். கரும்பாலைகள் பெருகியபோது ஆட்தேவையும் பெருகிற்று. 1866 வரை ஏறத்தாழ 1 கோடி 25 இலட்சம் ஆபிரிக்கர் அத்திலாந்திக் கப்பல்களில் ஏற்றப்பட்டனர் என ஆய்வாளர் கணக்கிடுகின்றனர். இத்தகைய வாணிபம் ஒரு பாதிரியாரின் யோசனையினால் பிறப்பதில்லை. அக்காலத்தில் எல்லோரும் அப்படியே நினைத்தனர், ஆதலால் அவரிற் குற்றமில்லை என்பது இரண்டாம் பொய். இதனை மறுப்பவர் லாஸ் காசாஸே.

அவரது 'இந்தியத் தீவுகளின் வரலாறு' என்னும் பெருநூலில் அவர் தம்மைப் பற்றிப் படர்க்கையில் எழுதுகின்றார். அந்தப் பாதிரியார் இந்த யோசனையைக் கூறினார். போர்த்துக்கேயர் ஆபிரிக்கரை எத்தகைய அநீதியால் பிடித்து அடிமையாக்கினர் என்பதை அப்போது அவர் அறிந்திருக்கவில்லை. அறிந்தபின், ஆபிரிக்கரின் அடிமைத்தனமும் சுதேசிகளின் அடிமைத்தனத்தைப் போன்றே அநீதியானது எனக் கண்டார். தம் அறியாமையும் நல்லெண்ணமும் இறைவனின் தீர்ப்பின் முன் தமக்கு மன்னிப்பைத் தேடித்தருமோ என்பது அவருக்கு நிச்சயமில்லை. இதுவே அவர் கூற்றின் சாரம். அந்நூலின் முதற்பகுதியில் ஆபிரிக்கக் கரையில் போர்த்துக்கேயர் செய்தவற்றைப் பல அதிகாரங்களில் கண்டித்தும் எழுதினார். 'நல்லெண்ணத்தோடு செய்தேன்' என்பது எல்லாக் காலத்திலும் படித்தவர்களுக்குப் பிடித்தமான தப்பும் வழி. அவர் அந்த வழியைத் தமக்கே அடைத்துக்கொண்டார்.

இங்கேதான் விமர்சகனுக்குரிய வேலை தொடங்குகின்றது. லாஸ் காசாஸைப் புகழ்பெறச் செய்த நூல் வேறு. 1542இல் எழுதப்பட்டு 1552இல் செவில் நகரில் அச்சேறிய 'இந்தியத் தீவுகளின் அழிவு பற்றிய மிகச் சுருக்கமான விவரணம்' என்னும் சிறு நூலே அது. இளவரசர் பிலிப்புக்குக் காணிக்கையாக்கப்பட்ட அந்நூல் ஒரு விண்ணப்பம். தீவு தீவாக, மாகாணம் மாகாணமாக, ஒரே ஓலம் திரும்பத் திரும்ப எழுகின்றது. சுதேசிகள் எங்கும் சாதுவான ஆடுகள். ஸ்பானியர் எங்கும் பசித்த ஓநாய்கள். நாற்பதாண்டுகளில் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்கிறார். இந்த எண்ணை வைத்தே அவரைப் பொய்யரென்பாரும் உளர். 1518இன் இறுதியில் தோன்றிய பெரியம்மையும் ஏனைய நோய்களும் பெருந்தொகையானோரைக் கொண்டுசென்றன என்பதை இன்று நாம் அறிவோம். ஆனால், உழைப்பினால் முறிந்த உடலையும், விதைக்க ஆளின்றிப் பட்டினியில் வாடிய ஊரையும் நோய் எளிதிற் பற்றும். நோயைக் காட்டி என்கொமியெந்தாவை விடுதலை செய்ய முயல்வது வரலாறு ஆகாது.

எமது குறை எண்ணைப் பற்றியதன்று. நூலின் அமைப்பைப் பற்றியது. கொடுமை செய்தோரைக் 'கொடுங்கோலன்' என்று மட்டும் கூறிப் பெரும்பாலும் பெயரின்றி விடுகின்றார். அவர்கள் தீய மனிதர்களாகத் தெரிகின்றனரேயன்றி, ஒரு பொருளாதார ஒழுங்கின் ஊழியர்களாகத் தெரிவதில்லை. மாண்டவர்களோ முகமற்றவர்கள். கியூபாவில் தீயிட்டுக் கொல்லப்பட்ட தலைவன் ஹத்துவே ஒருவனுக்கே உரத்த குரல் கிடைக்கின்றது. மோட்சத்தில் ஸ்பானியர் இருப்பாராயின் தனக்கு அந்த மோட்சம் வேண்டாம் என்கிறான் அவன். மற்றையோர் அழுவதற்கும் சாவதற்குமே அந்நூலில் வருகின்றனர். மன்னரிடம் இரக்கத்தை வேண்டி எழுதப்படும் நூலில் எதிர்த்து நிற்கும் மனிதனுக்கு இடம் குறைவு. ஏனெனில் எதிர்ப்பவன்மேல் மன்னருக்கு இரக்கம் பிறக்காது.

'வரலாறு' நூலிலோ நிலைமை வேறு. அங்கே என்ரிக்கீயோ என்னும் சுதேசித் தலைவன் வருகின்றான். துறவியர் மடத்தில் படித்தவன். தன் உரிமைக்காக அதிகாரிகளிடம் முறையிட்டு அவமதிக்கப்பட்டவன். 1519 முதல் 1533 வரை பஹோருக்கோ மலைகளில் தன் மக்களோடு நின்று ஸ்பானியப் படைகளைத் திணறடித்துச் சமாதான உடன்படிக்கைக்கு வரவைத்தவன். அவனது போர் நியாயமானது என்று அந்தப் பாதிரியார் எழுதுகின்றார். ஆட்டுக்குட்டி அங்கே மறைந்து மனிதன் எழுகின்றான். மன்னருக்காக எழுதும்போது காணாமற்போன மனிதன், வருங்காலத்துக்காக எழுதும்போது திரும்பி வருகின்றான். யாருக்காக எழுதுகிறோம் என்பது எவ்வாறு எழுதுகிறோம் என்பதைத் தீர்மானிக்கின்றது என்னும் கோட்பாட்டுக்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மன்னரிடம் அவர் வைத்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் நோக்குவோம். 1542 நவம்பரில் 'புதிய சட்டங்கள்' பிறந்தன. சுதேசிகளை அடிமையாக்கல் தடைசெய்யப்பட்டது. என்கொமியெந்தா உரிமையாளனின் மரணத்தோடு முடிதல் வேண்டும் என விதிக்கப்பட்டது. பெருவில் குடியேறிகள் கொன்சாலோ பிசாரோவின் தலைமையில் கிளர்ந்து 1546இல் மன்னரின் பிரதிநிதியையே கொன்றனர். அதற்கு முன்னரே, 1545இல், முக்கியமான அந்தப் பரம்பரை விதியை மன்னர் மீளப்பெற்றுவிட்டார். அதே 1545இல்தான் பொத்தோசி மலையின் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. சட்டம் ஏட்டிலே இருந்தது. வெள்ளி கப்பலிலே ஏறியது. சியாப்பாவின் ஆயராகச் சென்ற லாஸ் காசாஸ், சுதேசிகளை வைத்திருப்போருக்குப் பாவமன்னிப்பு இல்லை என்று கட்டளையிட்டார். ஒரு காலத்தில் தமக்கு மறுக்கப்பட்டதையே பிறருக்கு மறுத்தார். நகரத்தார் கொதித்தெழுந்தனர். 1547இல் அவர் ஸ்பெயினுக்கே திரும்பிவிட்டார்.

1550, 1551ஆம் ஆண்டுகளில் வல்லடோலிட் நகரில் செபுல்வேதா என்னும் அறிஞரோடு அவர் நடத்திய வாதம் புகழ்பெற்றது. சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்னும் அரிஸ்டோட்டிலின் கூற்றைச் செபுல்வேதா துணைக்கு அழைத்தார். மனித குலம் ஒன்றே என்பது லாஸ் காசாஸின் விடை. நடுவர்கள் தீர்ப்பெதுவும் வழங்காமலே கலைந்தனர். ஆனால் அவரது சிந்தனை அதனோடு நிற்கவில்லை. பாப்பரசர் புதிய உலகை ஸ்பெயினுக்கு அளித்தார் என்னும் 1493ஆம் ஆண்டு ஆணையை அவர் இறுதிவரை முற்றாகத் தூக்கியெறியவில்லை. அது சமாதானமாகப் போதிப்பதற்கு மட்டுமே உரிமை தந்தது எனப் பொருள் கூறினார். இஃது அவரது எல்லை. 'கண்டுபிடிப்புக் கோட்பாடு' எனப்படும் அக்கொள்கையை வத்திக்கான் வெளிப்படையாக நிராகரித்தது 2023இலேதான். எனினும் 1560களில், எண்பது வயதை எட்டும் காலத்தில், மக்களின் சம்மதமின்றி எந்த அரசனும் அவர்களை நியாயமாக ஆளமுடியாது என்றும், பெருவில் கவர்ந்த செல்வத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றும் அவர் எழுதினார். முதுமையிலே சமரசத்தை நோக்கிச் செல்வோர் பலர். இவர் எதிர்த்திசையில் நடந்தார்.

அவரது சிறுநூலுக்கு நேர்ந்த கதி தனியே ஆராயத்தக்கது. ஸ்பெயினோடு போரிட்ட ஒல்லாந்தர் அதனை 1578இல் தம் மொழியில் வெளியிட்டனர். 1598இல் டி பிறையின் கொடூரச் சித்திரங்களோடு பிராங்போர்ட்டில் ஒரு பதிப்பு வந்தது. 1656இல், ஸ்பெயினிடமிருந்து ஜமெய்க்காவைப் பறித்த மறுவருடம், கிரொம்வெல்லுக்குக் காணிக்கையாக ஆங்கிலப் பதிப்பொன்று வெளிவந்தது. அதே 1656இல் ஒல்லாந்தர் கொழும்பைக் கைப்பற்றினர். 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். சுதேசிகளின் கண்ணீரை அச்சிட்டு விற்றவர்கள் ஜமெய்க்காவில் கரும்புக்கு அடிமைகளை இறக்கினர். இலங்கையிலும் அடிமைகளை வைத்திருந்தனர். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகள் இடம்பெற்றன. அவ்விதிகள் ஒல்லாந்தர் கப்பலிலேற்றிக் கொண்டுவந்தவை அல்ல. எம்மவரின் வழக்கத்தை எம்மவரே கூற, அவர்கள் எழுதிக்கொண்டனர்.

ஆதலால் ஸ்பானியரின் கொடுமையை வாசித்து நெஞ்சம் பதறுதல் மட்டும் போதாது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அவ்வாறு பதறியவர்களே. பிறனுடைய குற்றத்தை வாசிப்பது எளிது. அது எமக்கு ஒரு தூய்மை உணர்வையும் தரும். 'விவரணம்' எல்லாப் பேரரசுகளுக்கும் பயன்பட்டமைக்குக் காரணம், அதனை வாசிப்பவன் குற்றவாளிக் கூண்டுக்கு வெளியே நிற்கலாம் என்பதேயாம். 'வரலாறு' அவ்வாறு பயன்படவில்லை. அதனை எழுதியவரே கூண்டுக்குள் நிற்கின்றார்.

லாஸ் காசாஸ் 1566ஆம் ஆண்டு ஜூலை 18இல் மத்ரித் நகரில் காலமானார். 'வரலாறு' நூலின் கையெழுத்துப் பிரதியை அவர் 1559இலேயே வல்லடோலிட் நகரின் சான் கிரெகோரியோ கல்லூரியிடம் ஒப்படைத்து, நாற்பதாண்டுகளுக்கு வெளியிடலாகாது எனக் கேட்டிருந்தார். நாற்பதாண்டு முந்நூறாண்டாகிற்று, 1875இலேதான் அது முதன்முதல் அச்சேறத் தொடங்கியது. சிறு நூலை நாடுகள் போட்டியிட்டு அச்சிட்ட அந்த முந்நூறாண்டும் பெருநூல் இருட்டிலே கிடந்தது. பள்ளி வகுப்பிலே அவரைப் பற்றிச் சொல்லும் ஆசிரியர்கள் ஓநாயையும் ஆட்டையும் சொல்லிவிட்டு மணியடித்ததும் எழுந்து போகாதிருப்பாராக. சாணைக்கல்லில் தீட்டிய வாளைக் கண்ட பின்னரும் ஓராண்டு காலம் பிறர் உழைப்பில் உண்டவரையும், அதனைத் தம் கையாலேயே எழுதிவைத்தவரையும் மாணவர் அறிதல் வேண்டும். புனிதரை வணங்கலாம், பின்பற்றுவது அரிது. குற்றத்திலிருந்து எழுந்து வந்த மனிதனையோ எவரும் பின்பற்றலாம்.